தரையைத் தைக்கிற புல்

நெய்வேலி
20-2-2012

அன்புள்ள அண்ணிக்கு,

அன்புக்கரசி எழுதுவது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். போனில் என் குரலைக் கேட்டாலே எழில் விறைத்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொள்கிறாள், கொஞ்ச நாள் பேசாதே என்று சொன்னீர்கள். பெற்றவள் குரலுக்கே பயப்படுகிற காலம் வந்துவிட்டது, என்ன செய்ய? எழுதுகிறேன். நடுவில் ஒரு கோடு போடுவேன். கோட்டுக்கு மேலே இருப்பதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். கீழே இருப்பது உங்களுக்கு மட்டும்.

எழில் கண்ணு, அம்மாவும் அப்பாவும் நல்லா இருக்கோம். உன் சைக்கிளைத் துடைச்சு வெச்சிருக்கேன். பின்பக்கத்துக் குழியை மூடியாச்சு. இப்ப அங்க குழியே இல்ல. அழகா ஒரு செடி வெக்கப் போறோம். ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள நீ வந்துடணும், சரியா?

———

அண்ணி, மரம் பெயர்ந்த குழியை மூடினது உண்மைதான். ஆனால் மூடின இடம் காயவே மாட்டேன் என்கிறது. இந்த ஊரில் பள்ளம் என்றாலே மைன்ஸ் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவதுதானே பழக்கம். இவரும் தெரிந்த லாரிக்காரரிடம் சொல்லி ஒரு லோடு களிமண்ணைக் கொட்டி மிதித்து மூடிவிட்டார். குழாயைத் திறந்துவிட்டால் மூடத் தெரியாத ஊர் இது. துவைக்கிற கல்லுத் தண்ணீர் முழுக்க அங்கேதான் போய் நிற்கிறது. முருங்கைக் கொம்பு நட்டேன். அடி அழுகி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வேப்பங்கன்று வைத்தேன், மஞ்சளாகி நிற்கிறது. கால் வைத்தால் கணுக்கால் வரை இழுக்கிறது. எடுக்கும்போது ஒரு சத்தம் வேறு.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் முழுசாகக் கேட்டதில்லை. தானே புயல் அடித்த விடியற்காலை. இவர் நைட் ஷிப்டில் இருந்தார். நான் முன்கதவுக்கு அடியில் சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தேன். எழில் பின் அறை ஜன்னலில் நின்றுகொண்டு, "அம்மா, தரை மூச்சு வுடுது" என்றாள். என்ன சொல்கிறாள் என்று திரும்புவதற்குள் தூங்குமூஞ்சி மரம் வேரோடு எழும்பி வீட்டின்மேல் சாய்ந்துவிட்டது. இரும்புக் கட்டில் மரத்தைத் தாங்கியதால் அடியில் கிடந்து பிழைத்தாள். பக்கத்து குவார்ட்டர்ஸ் ராஜாங்கம் அண்ணனும் மற்றவர்களும் கிளையை அறுத்து அவளை வெளியே எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை உள்ளே இருந்து ஒரு சத்தம் இல்லை. உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் நான் இலைகளைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தேன்.

பொங்கலுக்கு நீங்கள் வந்து அழைத்துப் போனது நல்லதுதான். ஆனால் அந்த இடத்தில் ஏதாவது ஒன்று உயிரோடு நின்றால்தான் அவள் இந்த வீட்டுக்குத் திரும்புவாள் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் சேத்தியாத்தோப்புக் களியில் பிறந்து வளர்ந்தவர். தண்ணீர் நிற்கிற களிமண்ணில் என்ன வைத்தால் பிடிக்கும்? சொல்லுங்கள். இப்போதெல்லாம் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் நானே முன் அறைக்கு ஓடிவந்துவிடுகிறேன்.

நீங்களும் அண்ணனும் சுகம்தானே?

அன்பு

•

ஏற்காடு
3-3-2012

அன்புள்ள அன்புக்கு,

உன் மகள் இங்கே மகாராணி. காலையில் இரண்டு தோசை தின்றவள் இப்போது நாலு கேட்கிறாள். காபிச் செடி பூத்து மலையே வெள்ளையாக இருக்கிறது. மாமன் தோளில் ஏறிக்கொண்டு எஸ்டேட் முழுக்க மேற்பார்வை பார்க்கிறாள். உன் அண்ணன் வேலையைப் பார்க்கிறாரா இவளைப் பார்க்கிறாரா என்று முதலாளிதான் கேட்க வேண்டும்.

நீ கோட்டுக்கு மேலே எழுதினதைப் படித்தேன். குழியை மூடியாச்சு என்றதும், "எதை வெச்சு மூடுனாங்க?" என்றாள். மண் என்றேன். உடனே காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். வந்த புதிதிலும் இப்படித்தான். தரையைக் காலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "அத்தே, கீழ கல்லா?" என்று கேட்டாள். உன் அண்ணன், "ஆமாண்டா, எல்லாம் பாறை" என்ற பிறகுதான் பாயில் படுத்தாள்.

முருங்கைக்கும் வேம்புக்கும் காலில் ஈரம் நின்றால் ஆகாது. களிமண்ணில் அதை நட்டது உன் அவசரம். அந்த இடத்தைச் சும்மா சும்மா மிதிக்காதே. ஈரக் களியை மிதிக்க மிதிக்க அது இறுகும். அப்புறம் தண்ணீர் எங்கே போகும்? ஒரு மழைக்காலம் போகட்டுமே அன்பு. என்ன ஓடிப்போகிறது?

வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், என்ன செடி என்று முதலில் எனக்கு எழுது. நான் எழிலைக் கேட்டுச் சொல்கிறேன். அவள் தலையாட்டினால் வை. பயந்த பிள்ளைக்குப் பிடிக்காததை நட்டுவைத்து மறுபடி பயமுறுத்தக் கூடாது பார்.

ஆதிலட்சுமி

•

நெய்வேலி
9-4-2012

அன்புள்ள அண்ணிக்கு,

எழில் கண்ணு, உனக்குப் பிடிச்ச செடியே வெக்கலாம். செவப்பா பூ பூக்கற கல்வாழை இருக்கு. வாழை வெச்சா பழம் தின்னலாம். மூங்கில் வெச்சா குருவி வரும். எது வேணும்னு அத்தைகிட்ட சொல்லு. அம்மா உன்னை நெனச்சிக்கினே இருக்கேன்.

———

அண்ணி, வேம்பும் போய்விட்டது. மேலே எழுதின மூன்றும் ஈரத்தில் நிற்கும் என்று நானே விசாரித்துத் தெரிந்துகொண்டது. ராஜாங்கம் அண்ணனோ, "தைலமரம் வைம்மா. தண்ணிய உறிஞ்சிக்கினு நெட்டுக்கு வளரும், ஒரே வருஷத்துல இடம் காஞ்சிடும்" என்கிறார். இவர் அதைக் கேட்டுவிட்டு ஒரு கட்டுக் கன்று வாங்கி வந்து வாளியில் போட்டு வைத்திருக்கிறார். நான் இன்னும் நட விடவில்லை. உங்கள் பதிலுக்காகத்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. அண்ணன் இவரிடம் போனில் பேசும்போது, எஸ்டேட்டுக்குக் கீழே இருக்கிற பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு இடம் இருக்கிறதாம் என்று வாய் தவறிச் சொன்னாராம். எதற்கு அண்ணி விசாரித்தீர்கள்? இங்கே அவள் பெயர் இருக்கிறது. பை வாங்கி வைத்திருக்கிறேன். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பதில் சீக்கிரம் எழுதுங்கள்.

அன்பு

•

ஏற்காடு
24-4-2012

அன்புள்ள அன்புக்கு,

தைலமரம் என்று இன்னொரு தடவை எழுதாதே. ஈரக் களியில் அதன் வேர் ஆழம் போகாது, மேலாகவே பரவும். நெட்டென்று வளர்ந்து, அடுத்த புயலில் மறுபடியும் அதே அறையின்மேல் விழும். ராஜாங்கத்துக்கு என்ன, அவர் வீட்டின்மேலா விழப்போகிறது? கன்றை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிடச் சொல் உன் வீட்டுக்காரர் செங்குட்டுவன் தம்பியிடம்.

கல்வாழை வேண்டாம். தூர் கட்டினால் பாம்பு வந்து அடையும். வாழை வேண்டாம், காற்று அடித்தால் முதலில் சாய்வது அதுதான், பிள்ளை பார்த்தால் என்னாகும்? மூங்கில் வேண்டவே வேண்டாம், ஒன்றோடொன்று உரசி முனகும். எழிலுக்கு எதுவுமே பிடிக்கவில்லை. சேம்பு என்று எழுதினாலும் வேண்டாம் என்றுதான் சொல்வாள், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் விசாரித்தது தப்பா? பிள்ளை தேறட்டும், ஒரு வருஷம் இங்கேயே படிக்கட்டும் என்று நினைத்தேன். உன்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ளப் போகிறேனா? என்னை என்னவென்று நினைத்தாய்? வாயும் வயிறுமாக இருந்தபோது உனக்கு மாங்காய் கொண்டுவந்து கொடுத்த கை இது.

ஆதிலட்சுமி

•

நெய்வேலி
2-5-2012

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தில் கோடு இல்லை. முழுக்க உங்களுக்குத்தான்.

உங்கள் வீட்டைச் சுற்றி வானம் தெரியாத அளவுக்கு சில்வர் ஓக் மரம். மலைக்காற்றில் அது போடுகிற ஆட்டத்தை நானே பார்த்திருக்கிறேன். அதன் நடுவில் நாலு தோசை தின்றுவிட்டுத் தூங்குகிற பிள்ளை, இங்கே ஒரு கல்வாழைக்குப் பயப்படுகிறாளா? யாரிடம் கதை விடுகிறீர்கள்? பிடிக்கவில்லை என்று அவள் சொன்னாளா, நீங்கள் சொன்னீர்களா? கோட்டுக்கு மேலே நான் எழுதுவதை உண்மையிலேயே அவளுக்குப் படிக்கிறீர்களா? என் குரலைக் கேட்டால் விறைக்கிறாள் என்பதாவது நிஜமா?

மாங்காய் கொடுத்த கை என்கிறீர்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கைக்காகத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்களுக்குப் பிள்ளை இல்லாதது எனக்கும் வருத்தம்தான் அண்ணி. அதற்கு என் பிள்ளையைக் கொடுக்க முடியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. மரம் விழுந்த அன்றைக்குக்கூட அவள் உள்ளேதான் இருக்கிறாள், எடுத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. மாதக் கடைசியில் நானே வருகிறேன். அவள் துணிமணியை எடுத்து வையுங்கள்.

அன்புக்கரசி

•

ஏற்காடு
12-6-2012

அன்புள்ள அன்புக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. முதலில் அதைப் படித்துக்கொள். நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். முழங்காலில் ஒட்டியிருந்த களியைச் சுடுதண்ணீர் வைத்துக் கழுவினேன். நகத்துக்குள் இருந்தது மட்டும் இன்னும் போகவில்லை.

உன் அண்ணன் நெய்வேலியிலிருந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கியபோது எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது அன்பு. அடுத்த நிமிஷம் வாயில் அடித்துக்கொண்டேன். நீ வந்து அழைத்துப்போன மறு வாரமே கோடை மழையில் அந்தச் சேற்றில் கால் வைத்து, முழங்கால் வரை இறங்கி, அது பிடித்துக்கொண்டு விடவில்லையாமே. நீ இழுத்து எடுத்தாயாம். காய்ச்சலில், "அது என்னை வுட மாட்டேங்குது" என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க அவள் காலை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். படிக்கிறேன். ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டுகிறேன். உன் குரலுக்கு விறைத்ததும் நிஜம். ஆனால் பாம்பும் முனகலும் நான் சொன்னது. கல்வாழை என்றதும் அவள் சிரித்தாள். இந்த வீட்டு வாசலில் சின்னச் செருப்பு கிடந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. அதை எடுத்துவிட்டால் வாசல் எப்படி இருக்கும் என்று நினைத்தே பார்க்க முடியவில்லை. என் பயம் அது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். அவளுக்கு மரத்தைக் கண்டு பயம் இல்லை. மண்ணைக் கண்டுதான் பயம். அது எழும்பியதை அவள் கண்ணால் பார்த்தாள், இப்போது அது காலைப் பிடித்தும் இழுத்துவிட்டது. நீ என்ன பூ வைத்தாலும் அவளுக்கு ஒன்றுதான். தரை அசையாது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் ஊரில் வாய்க்கால் கரை உளைச் சேறாகிப்போனால் வெட்டிவேர்தான் வைப்போம். மேலே பார்த்தால் வெறும் புல். கீழே ஆள் உயரத்துக்கு வேர் நேராக இறங்கும். களியா, தண்ணீரா, எதையும் பார்க்காது. நேற்று அவளிடம், "உங்க வூட்டுத் தரையைத் தெச்சிடலாமா?" என்றேன். "ஊசியாலயா?" என்றாள். புல்லால் என்றேன். காலால் தரையைத் தட்டிவிட்டு, "இறுக்கித் தெக்கச் சொல்லு அத்தே" என்றாள்.

வெயில் இருக்கும்போதே வேலையை ஆரம்பி. நீங்கள் மூடினது குழி இல்லை, பானை. அதற்கு ஓட்டை போட வேண்டும். தெருச் சாக்கடை வரைக்கும் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே விடு. துவைக்கிற கல்லுத் தண்ணீரைத் திருப்பு. ஈரமாக இருக்கும்போது தோண்டாதே, தோண்டினாலும் பலகை போட்டு அதன்மேல் நில். மேல் களியில் பாதியை எடுத்துவிட்டு மணலும் எருவும் இலைச் சருகும் கலந்து, நடுவில் கொஞ்சம் தாழ்வாகவும் ஓரத்தில் மேடாகவும் விடு. மேட்டில் வெட்டிவேரை நெருக்கமாக வரிசை வை. நடுப்பள்ளத்தில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் போதும். தரையோடு படரும், விழுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆடி முடிவதற்குள் என் தம்பி கலியமூர்த்தி வடலூர் பஸ் ஸ்டாண்டில் நாற்றுக் கட்டைக் கொண்டுவந்து கொடுப்பான்.

இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம். அவளை வீட்டிலேயே உட்கார வைக்க முடியாதே. உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும்.

அண்ணி

•

நெய்வேலி
19-8-2012

அன்புள்ள அண்ணிக்கு,

எழில் கண்ணு, தரையைத் தெச்சாச்சு. அப்பா பலகை மேல நின்னுகினு குழி போட, அம்மா ஒவ்வொண்ணா வெச்சேன். சுத்திலும் மூணு வரிசை. நடுவுல வல்லாரை. எல்லாம் உயிர் புடிச்சிக்கிச்சு. இதுல ஒரு வேர் வெச்சிருக்கேன், மோந்து பாரு. வெச்ச கொஞ்ச நாள்ல அது எவ்ளோ கீழ போயிருக்கு பாத்தியா?

———

அண்ணி, உங்களைத் திட்ட உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. வாசல் செருப்பைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டு அவளுடைய பழைய செருப்பை எடுத்து எங்கள் வாசலில் வைத்தேன். இவர் பார்த்துவிட்டு, "இன்னாடி இது?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

களியை எடுக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! மண்வெட்டியில் ஒட்டினால் சீவித்தான் எடுக்க வேண்டும். முதல் நாள் வாய்க்கால் வெட்டிவிட்டதும் உள்ளே நின்ற தண்ணீர் கருப்பாக, நாற்றத்தோடு வெளியே ஓடியது. ராஜாங்கம் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இவ்ளோ பாடுபட்டு புல்லா வைக்கறீங்க?" என்று சிரித்தார். சிரித்துக்கொள்ளட்டும்.

இப்போது அந்த இடத்தில் தண்ணீர் நிற்பதில்லை. நேற்று வல்லாரை பறித்துத் துவையல் அரைத்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன் அண்ணி, காற்று அடித்தால் நான் பின்கதவைத் திறப்பதில்லை. நட்ட நாட்களில் படுத்தால் தூக்கம் வரும்வரை காலை ஏதோ இழுப்பதுபோலவே இருந்தது. ஊர் முழுக்க மரம் போய் வெட்டவெளியாகிவிட்டது. காற்று வந்தால் தடுக்க ஒன்றும் இல்லை. இன்னும் ஐப்பசி, கார்த்திகை வரவில்லை. வந்தால்தான் தையல் பிடித்ததா என்று தெரியும்.

தீபாவளிக்கு அவளை அழைத்து வருகிறீர்களா? கேட்கத்தான் கேட்கிறேன். சண்டை போடவில்லை.

அன்பு

•

நெய்வேலி
31-10-2012

அன்புள்ள அண்ணிக்கு,

எழில் கண்ணு, அம்மா நல்லா இருக்கேன். இங்க மழை பெய்யுது. புல்லு உன் இடுப்பு உசரத்துக்கு வளந்திருக்கு.

அண்ணி, தீபாவளிக்கு அழைத்து வாருங்கள் என்றேனே, வேண்டாம். இப்போது அழைத்து வராதீர்கள். மறுபடி புயல். நீலம் என்று பெயராம். கடலூரிலா, அதற்கு மேலேயா, எங்கே கரை ஏறும் என்று டி.வி.யில் ஆளுக்கொரு பேச்சு. பள்ளிக்கூடம் எல்லாம் லீவு. தெருவில் மெழுகுவத்தி கிடைக்கவில்லை. ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. போன வருஷத்துச் சத்தம் எல்லார் காதிலும் இருக்கிறது.

இவர் மைன்ஸில் இருக்கிறார். தண்ணீர் இறைக்கிற பம்புகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று வீட்டுக்கு விடவில்லை. ராஜாங்கம் அண்ணன் குடும்பம் பண்ருட்டிக்குப் போய்விட்டது. தனியாக இருக்கிறேன். கரண்ட் போய்விட்டது, போனும் எடுக்கவில்லை. கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். எப்போது தபாலில் போடுவேன் என்று தெரியாது.

காலையில் இருந்து பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரை மூச்சு விடுகிறதா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும். என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கதவைத் திறந்துகொண்டு போய், செருப்பைக் கழற்றிவிட்டு, வல்லாரைமேல் வெறுங்காலோடு நின்றேன். புல் எல்லாம் படுத்துப் படுத்து எழுந்திருந்தது. மழை முகத்தில் அறைந்தது. தரை அசையவில்லை என்றுதான் நினைக்கிறேன். அல்லது என் நெஞ்சு அடித்த அடியில் எனக்குத் தெரியவில்லையோ என்னவோ.

இன்னொரு தடவை போய் நின்று பார்க்கப் போகிறேன். நிச்சயமாகத் தெரியாமல் என்னால் உட்கார முடியவில்லை. அப்படி ஏதாவது ஆகிவிட்டால் எழில் உங்களிடம் இருக்கட்டும் அண்ணி. இதை நான் மனசாரச் சொல்கிறேன். காற்று

•

ஏற்காடு
6-11-2012

அன்புள்ள அன்புக்கு,

அடிப்பாவி, ஒரு கடிதத்தைப் பாதியில் நிறுத்தி, அதைத் தபாலிலும் போடுவாயா?

புயல் மகாபலிபுரம் பக்கம் ஏறிவிட்டது, எல்லாரும் நலம் என்று மறுநாளே செங்குட்டுவன் தம்பி உன் அண்ணனுக்குப் போன் பண்ணிவிட்டார். அதனால் உன் கடிதம் இன்று வந்தபோது நான் நிம்மதியாகத்தான் பிரித்தேன். எழில் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து மடியில் உட்கார்ந்திருந்தாள். நான் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனேன். நீ கோடு போட மறந்துவிட்டாய் அன்பு. எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. புல் இடுப்பு உயரம் என்று ஆரம்பித்தவள், நீ வெறுங்காலோடு நின்றது வரைக்கும் படித்துவிட்டுத்தான் வாயைப் பொத்தினேன்.

அவள் அழவில்லை. கட்டிலுக்கு அடியிலும் போகவில்லை. "அப்புறம்?" என்றாள். அப்புறம் ஒன்றும் இல்லை, அம்மா நல்லா இருக்கா என்றேன். "நீ பாத்தியா?" என்றாள். இல்லை என்றேன். "அது அம்மா காலைப் புடிச்சிக்கிச்சா?" என்றாள். இல்லைடி என்றேன். நம்பவில்லை. உள்ளே போய்ப் பையை எடுத்து, இரண்டு கவுனும் உன் வெட்டிவேரும் போட்டுக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் உன் அண்ணன் வந்து எவ்வளவோ கெஞ்சினார். எழுந்திருக்கவில்லை. "அம்மாவுக்குப் பாக்கத் தெரியல. நான் போய்ப் பாக்கணும்" என்கிறாள்.

இத்தனை மாதமும் அவள் பயத்தை வைத்து நான் அவளைப் பிடித்து வைத்திருந்தேன். இப்போது உனக்காகப் பயந்துகொண்டு கிளம்புகிறாள். இதற்கு நான் என்ன குறை சொல்வது?

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அழைத்து வருகிறேன். கேட் வரைக்கும்தான் வருவேன். பின்பக்கத்துக்குக் கூப்பிடாதே. வந்தால் ஏதாவது குறை சொல்லிவிடுவேன். என் வாயை எனக்குத் தெரியும்.

அவள் எழுதினதைக் கீழே ஒட்டியிருக்கிறேன். எழுத்துப்பிழையைத் திருத்தவில்லை.

ஆதிலட்சுமி

அம்மா நீ நிக்காத. நா வரேன். எழில்மதி.

•

நெய்வேலி
18-11-2012

அன்புள்ள அண்ணிக்கு,

சொன்னபடியே செய்துவிட்டீர்கள். கேட்டில் அவள் கையை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டீர்கள். திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஏன் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் கூப்பிடவில்லை. அன்றைக்கு நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும்.

எழில் வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பின்கதவுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். கதவை அவளே தள்ளித் திறந்தாள். படியில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். உதடு வெளுத்துவிட்டது. கை என் புடவையைப் பிடித்தபடி இருந்தது. "உள்ள போலாம் கண்ணு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். தலையை ஆட்டினாள். பிறகு புடவையை விட்டுவிட்டு இறங்கினாள்.

காலால் இரண்டு தட்டுத் தட்டினாள். அப்புறம் முன்வரிசையில் ஒரு புல் தூரை இரண்டு கையாலும் பிடித்து, காலை உதைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிவக்க இழுத்தாள். நான் ஒரு படி இறங்கி நின்றேன். வந்துவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். வரவில்லை. அடுத்த தூரைப் பிடித்து இழுத்தாள். அதுவும் வரவில்லை. வரிசையில் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டே போய்விட்டு, உள்ளங்கை அறுபட்டு ரத்தம் கசிய என்னிடம் வந்து, "வரலம்மா" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். இவர் ஷிப்ட் முடிந்து வந்து நாங்கள் அந்த வல்லாரைமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பயந்துபோனார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நேற்றுக் காற்று அடித்தபோது இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம். படுக்கும்போது முதலில் "அத்தே" என்றுதான் கூப்பிடுகிறாள், அப்புறம் என்னைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது. இருக்கட்டும், கூப்பிடட்டும்.

இன்று காலையில் எழுந்ததும் ஒரு கேள்வி கேட்டாள். "அத்தை ஏம்மா பின்பக்கம் வரல? அதுக்கும் பயமா?" என்றாள். ஆமாம், அத்தைக்கும் பயம்தான் என்றேன். பின்கதவு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "வரச் சொல்லு. அந்த வரிசையில கடைசித் தூரு மட்டும் நான் இழுக்காம வெச்சிருக்கேன். அதை அத்தை இழுத்துப் பாக்கட்டும்" என்றாள்.

வாங்க அண்ணி. வந்து என்ன குறை வேண்டுமானாலும் சொல்லுங்கள். அந்தக் கடைசித் தூரை நான் தொடவில்லை.

அன்பு